ஹெப்பகோடி: நிலச்சட்டம் வகுத்த வீட்டுமனை

பெங்களூருவின் தென்கிழக்கே, ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஹெப்பகோடியின் வளர்ச்சியைத் தகவல் தொழில்நுட்பத்தின் கதையாக மட்டும் வாசிப்பதே வழக்கம். 1978-இல் கியோனிக்ஸ் நிறுவனம் கோனப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் பகுதிகளில் 332 ஏக்கரில் எலக்ட்ரானிக் சிட்டியை நிறுவியது. 2010-இல் மேம்பாலச் சாலையும் 2025 ஆகஸ்டில் மெட்ரோ மஞ்சள் தடமும் வந்தன. இவை வீட்டுத் தேவையைப் பெருக்கின. மனையின் தன்மையைத் தீர்மானித்ததோ நிலச்சட்டம்.

கர்நாடக நிலச்சீர்திருத்தச் சட்டத்தின் 79ஏ, 79பி பிரிவுகள், பிற தொழில்களில் மிகுவருமானம் ஈட்டுவோரும் உழவர் அல்லாதோரும் வேளாண் நிலம் வாங்குவதைத் தடுத்தன. 1964-ஆம் ஆண்டு நிலவருவாய்ச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு, வேளாண் நிலத்தைக் குடியிருப்பாக்க அரசின் அனுமதியைக் கட்டாயமாக்கியது. அனுமதி பெற்ற மனையின் விலைக்கு எட்டாதோர் நாடியது, பயன்மாற்றம் பெறாத நிலத்தைத் துண்டாக்கி விற்ற ‘ரெவின்யூ சைட்’டை. அங்கே விலை குறைவு; கட்டட அனுமதியும் வங்கிக் கடனும் அரிது. ‘காத்தா’ இருந்தாலும் அது சொத்துவரிப் பதிவேயன்றி உரிமைச் சான்று அன்று.

உழவரைக் காக்க எழுந்த தடை நகர்ப்பெருக்கத்தை நிறுத்தவில்லை. அதன் இடரைச் சிறுமுதலாளரல்லாத, சம்பளத்தில் வாழும் வாங்குநரின் தோளில் ஏற்றியது. 2020-இல் 79ஏ, 79பி நீக்கப்பட்டன. 95-ஆம் பிரிவு நீடிக்கிறது. ஆகவே புறநகர் வரலாற்றை எழுதுவோர் கிரயப் பத்திரத்தோடு நின்றுவிடாமல் பயன்மாற்ற ஆணைகளையும் வாசிக்க வேண்டும். ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்கும் இரு வீடுகளின் வேறுபாடு அவ்வாணைகளில்தான் உள்ளது.