சட்டகமும் காப்புரிமையும்: ஜிஃப் அசைவுப்படத்தின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கணினியில் சில படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டி அசைவுத் தோற்றத்தை உருவாக்கும் எளிய முறை ஜிஃப் கோப்பு வடிவத்தின் வழியாகவே பரவலாயிற்று. அசைவூட்டத்திற்கென வகுக்கப்படாத இவ்வடிவம் அத்துறையில் நிலைபெற்றதற்கான காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த செல்லுலாய்டுத் தாள் முறையின் வரலாற்றோடு இதனை ஒப்பிட்டு, தொழில்நுட்பம், உரிமை ஆகிய இரண்டிலும் காணப்படும் ஒற்றுமை வேற்றுமைகளை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: அசைவூட்டம், சட்டகம், ஜிஃப், காப்புரிமை, திறந்த தரநிலை.

முன்னுரை

சிறு சிறு மாற்றங்களுடன் வரையப்பட்ட படங்களை விரைவாக அடுத்தடுத்துக் காணும்போது கண்ணும் மூளையும் அவற்றைத் தொடர்ந்த அசைவாகக் கொள்கின்றன. பெல்ஜிய அறிஞர் ஜோசப் பிளாட்டோ 1832ஆம் ஆண்டு உருவாக்கிய சுழல்தட்டுக் கருவி இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டது. அத்தட்டில் இருந்த படங்கள் சில. ஆயினும் தட்டு சுழலும்வரை அசைவு முடிவின்றித் திரும்பத் திரும்ப நிகழ்ந்தது. இன்று கணினித்திரையில் காணும் ஜிஃப் அசைவுப்படமும் இவ்வியல்புடையதே. ஆனால் அதன் வரலாற்றைக் கருவிகளின் வளர்ச்சி என்னும் அளவில் மட்டும் நோக்குதல் போதாது. ஒரு முறையை யார், எவ்வாறு, என்ன விலைக்குப் பயன்படுத்தலாம் என்னும் வினாவும் அதனுள் அடங்கியுள்ளது.

செல்லுலாய்டுத் தாளும் உரிமையும்

எமில் கோல் 1908இல் வெளியிட்ட ‘ஃபேன்டாஸ்மகோரி’ ஒவ்வொரு சட்டகமும் தனித்தனியே வரையப்பட்ட படமாகும். வின்சர் மெக்கே 1914இல் உருவாக்கிய ‘கெர்ட்டி’ என்னும் படத்தில், அசையும் விலங்கோடு அசையாத மலையும் நிலமும்கூடத் தாள்தோறும் மீண்டும் வரையப்பட்டன. இவ்வுழைப்பு மிகுதியைக் குறைக்க ஏர்ல் ஹர்ட் ஒரு வழி கண்டார். அசையாப் பின்னணியை ஒருமுறை மட்டும் வரைந்து, அசையும் உருவை ஒளி ஊடுருவும் செல்லுலாய்டுத் தாளில் வரைந்து அதன்மேல் வைப்பதே அவ்வழி. இதற்கான காப்புரிமை 1915இல் வழங்கப்பெற்றது. ஹர்டும் ஜான் ராண்டால்ஃப் பிரேயும் தம் காப்புரிமைகளை ஒன்றிணைத்து நிறுவனம் அமைத்தனர். பிற படப்பிடிப்பகங்கள் இம்முறையைக் கையாள அந்நிறுவனத்திற்குக் கட்டணம் செலுத்தி உரிமம் பெறவேண்டியிருந்தது. காப்புரிமைக் காலம் 1932இல் முடிந்த பின்னரே இம்முறை பொதுவுடைமையாயிற்று.

ஜிஃப் வடிவத்தின் தோற்றம்

கம்ப்யூசெர்வ் என்னும் அமெரிக்க நிறுவனம் தொலைபேசி இணைப்பின் வழியே கணினிச் சேவைகளை வழங்கி வந்தது. வெவ்வேறு வகைக் கணினிகளில் ஒரே வண்ணப்படத்தைக் காட்டவும், வேகம் குறைந்த அவ்விணைப்பில் அதனை விரைவாக அனுப்பவும் அந்நிறுவனத்திற்கு ஒரு பொதுவடிவம் தேவைப்பட்டது. ஸ்டீவ் வில்ஹைட் தலைமையிலான குழு 1987 ஜூன் மாதம் ஜிஃப் வடிவத்தை வெளியிட்டது. ஒரு வண்ணத்தட்டில் 256 வண்ணங்களுக்கு மேல் இடம்பெறா. படத்தரவு எல்இசட்டபிள்யூ என்னும் முறையால் இழப்பின்றிச் சுருக்கப்பெறும். பெயரின் ஒலிப்புப் பற்றி நெடிய விவாதம் உண்டெனினும், வில்ஹைட் கொண்ட ஒலிப்பு ‘ஜிஃப்’ என்பதேயாம். இக்கட்டுரையும் அதனையே பின்பற்றுகிறது.

முதற்பதிப்பிலேயே ஒரு கோப்பினுள் பல படங்களை வைக்க இடமிருந்தது. 1989ஆம் ஆண்டுப் பதிப்பு ஒவ்வொரு படத்திற்கும் முன்னால் ஒரு கட்டுப்பாட்டுப் பகுதியைச் சேர்த்தது. அப்பகுதி தரும் முதன்மைச் செய்திகள் மூன்று. முதலாவது, அடுத்த படம் தோன்றுவதற்குமுன் காத்திருக்கவேண்டிய நேரம். இது நொடியின் நூற்றில் ஒரு பங்கு என்னும் அலகில் குறிக்கப்படும். இரண்டாவது, எவ்வண்ணத்தை ஒளி ஊடுருவுவதாகக் கொள்ளவேண்டும் என்பது. மூன்றாவது, நேரம் முடிந்ததும் படத்தை அப்படியே விடுவதா, அது இருந்த இடத்தைப் பின்னணியாக்குவதா, அதற்கு முந்தைய நிலையை மீட்பதா என்பது.

சான்றாக, துள்ளும் பந்தொன்றை எட்டுச் சட்டகங்களில் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் 10 அலகு நேரம் குறித்தால் ஒரு சுற்று 0.8 நொடியில் நிறைவுறும். தரையையும் சுவரையும் முதற்சட்டகத்தில் மட்டும் வைத்துவிடலாம். பின்வரும் சட்டகங்களில் பந்து இருக்கும் சிறு பகுதியை மட்டும் சேமித்து, அது திரையில் வைக்கப்படவேண்டிய இடத்தைக் குறித்தால் போதும். ஹர்டின் செல்லுலாய்டுத் தாள் செய்த பணியை இங்கு ஒளி ஊடுருவும் வண்ணமும் இடக்குறிப்பும் செய்கின்றன. அங்கு மிச்சமானது ஓவியரின் உழைப்பு. இங்கு மிச்சமாவது கோப்பின் அளவு.

நெட்ஸ்கேப்பின் பங்கு

1989ஆம் ஆண்டு விதியுரை, இவ்வடிவம் அசைவூட்டத்திற்கான தளமன்று என்றும், ஓரளவிற்கே அப்பணி இயலும் என்றும் தெளிவாகக் கூறுகிறது. அசைவை மீண்டும் மீண்டும் நிகழ்த்தும் கட்டளை எதுவும் அதில் இல்லை. ஆயினும் செயலிகள் தத்தம் தேவைக்கேற்பத் தரவு சேர்த்துக்கொள்ள ஒரு பகுதியை விதியுரை ஒதுக்கியிருந்தது. நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0 உலாவி அப்பகுதியைப் பயன்படுத்திச் சுழற்சி எண்ணிக்கையைக் குறிக்கும் முறையைப் புகுத்தியது. சுழியம் என்று குறித்தால் சுழற்சி முடிவின்றி நிகழும். பிற உலாவிகளும் இதனை ஏற்றன. இன்றும் சுழலும் ஜிஃப் கோப்புகளுள் ‘நெட்ஸ்கேப் 2.0’ என்னும் அடையாளம் பொறிக்கப்பட்டிருக்கக் காண்கிறோம். அவ்வுலாவி வழக்கொழிந்த பின்னரும் அதன் பெயர் கோப்பினுள் நிலைத்திருப்பது, விதியுரையைவிட வழக்கே வலியது என்பதற்குச் சான்றாகும்.

காப்புரிமைச் சிக்கல்

ஆப்ரகாம் லெம்பல், ஜேக்கப் ஜிவ் ஆகியோர் 1978இல் வெளியிட்ட சுருக்கமுறையை டெர்ரி வெல்ச் செம்மைப்படுத்தி 1984இல் கட்டுரையாக வெளியிட்டார். அவர் பணியாற்றிய ஸ்பெரி நிறுவனம் 1983இல் விண்ணப்பித்திருந்த காப்புரிமை 1985 டிசம்பரில் வழங்கப்பெற்றது. 1986இல் ஸ்பெரியும் பரோஸும் இணைந்து யூனிசிஸ் ஆனபோது அவ்வுரிமையும் அதனைச் சேர்ந்தது. கம்ப்யூசெர்வ் இக்காப்புரிமையை அறியாமலேயே அம்முறையை ஜிஃப் வடிவத்தில் அமைத்திருந்தது. 1994 டிசம்பர் இறுதியில், ஜிஃப் கோப்புகளைக் கையாளும் மென்பொருள்களுக்கு உரிமம் தேவை என அறிவிக்கப்பட்டபோது மென்பொருளாளரிடையே பெரும் எதிர்ப்பு எழுந்தது.

எதிர்ப்பின் விளைவாக 1995 ஜனவரியில் மாற்று வடிவத்திற்கான பணி தொடங்கியது. பிஎன்ஜி என்னும் அவ்வடிவம் 1996 அக்டோபரில் வைய விரிவலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாயிற்று. அது காப்புரிமைத் தளையற்றது. 256 வண்ண வரம்பையும் கடந்தது. ஆனால் ஒரு கோப்பிற்கு ஒரு படம் என்னும் கொள்கையை அது மேற்கொண்டது. இம்முடிவு ஆய்வுக்குரியது. நிலைப்படத்திற்கு மாற்று கிடைத்தது; அசைவுப்படத்திற்குக் கிடைக்கவில்லை. உலாவிகள் அனைத்திலும் இயங்கும் எளிய அசைவுப்படம் வேண்டியோர் ஜிஃப் வடிவத்தையே நாடவேண்டியிருந்தது. எதிர்க்கப்பட்ட வடிவம் அசைவுத் துறையில் நிலைபெற்றதற்கு இதுவும் ஒரு முதன்மைக் காரணம் எனலாம்.

அமெரிக்கக் காப்புரிமை 2003 ஜூன் 20 அன்று முடிவுற்றது. பிற நாடுகளில் 2004இல் முடிவுற்றது. அவ்வாண்டிலேயே மொசில்லாவில் ஏபிஎன்ஜி என்னும் அசையும் பிஎன்ஜி வடிவம் முன்மொழியப்பட்டது. 2007இல் பிஎன்ஜி குழுவினர் அதனை ஏற்க மறுத்தனர். 2025இல் வெளிவந்த பிஎன்ஜி மூன்றாம் பதிப்பிலேயே அது தரநிலையில் இடம்பெற்றது.

முடிவுரை

செல்லுலாய்டு முறையும் ஜிஃப் வடிவமும் மாறாததை ஒருமுறையும் மாறுவதைப் பலமுறையும் வைக்கும் ஒரே சிக்கனக் கொள்கையைக் கொண்டவை. இரண்டும் காப்புரிமைக் காலத்தைக் கடந்தே பொதுவுடைமையாயின. வேற்றுமை ஒன்று உண்டு. செல்லுலாய்டு முறையில் கட்டணம் கேட்கப்பட்டது அசைவூட்டும் முறைக்கே. ஜிஃப் வடிவத்திலோ அசைவோடு தொடர்பற்ற சுருக்கமுறையின் உரிமை அசைவுப்படத்தையும் பிணித்தது. ஒரு பொதுத் தரநிலையின் எந்த உறுப்பு தனியுரிமைக்கு உட்பட்டிருப்பினும் அதன்மேல் எழும் படைப்புகள் யாவும் அவ்வுரிமைக்கு ஆட்படக்கூடும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. எழுத்துரு, குறியாக்கம், கோப்பு வடிவம் முதலியவற்றைத் தெரிவுசெய்யும் தமிழ்க் கணினித்துறையினரும் மின்னூலகத்தாரும் கருத்திற்கொள்ளவேண்டிய செய்தி இதுவாகும்.