தாடை எலும்பும் யாரும் கோராத உடல்களும்

அடையாளம் தெரியாத ஓர் எலும்புக்கூடு கிடைத்தால் தடயவியல் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, இது ஆணா பெண்ணா என்பது. அதற்கு இடுப்பெலும்பே சிறந்த சான்று. அது சிதைந்திருந்தால் மண்டையோட்டையும் கீழ்த்தாடையையும் பார்க்கிறார்கள். முக எலும்புகளில் கீழ்த்தாடைதான் மிக உறுதியானது.

தாடையின் பின்பகுதி எவ்வளவு உயரம், இரு மூலைகளுக்கும் இடையே எவ்வளவு தூரம், மோவாய் எவ்வளவு உயரம் என்று அளக்கிறார்கள். சராசரியாக ஆண்களின் அளவுகள் பெரியவை. ஆனால் எந்த ஒரு அளவும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. பல அளவுகளை ஒன்றாகச் சேர்த்து முடிவு சொல்லும் சூத்திரத்தை 1964இல் அமெரிக்க மானுடவியலாளர் யூஜீன் கைல்ஸ் வெளியிட்டார். அது ஏறத்தாழ நூற்றுக்கு 85 தாடைகளைச் சரியாகச் சொன்னது.

இங்கே நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இப்படியொரு சூத்திரம் உருவாக, ஆண் பெண் என்று முன்பே தெரிந்த எலும்புக்கூடுகள் நூற்றுக்கணக்கில் வேண்டும். அவை யாருடையவை?

அமெரிக்காவில் இத்தகைய ஆய்வுகளுக்குப் பெரிதும் பயன்பட்டவை டெர்ரி தொகுப்பும் ஹாமன்-டாட் தொகுப்பும். செயின்ட் லூயிஸில் உருவான டெர்ரி தொகுப்பில் 1,700க்கும் அதிகமான எலும்புக்கூடுகள். கிளீவ்லேண்டில் உருவான மற்றதில் 3,000க்கும் மேல். இவற்றில் பெரும்பகுதி, மருத்துவமனைகளிலும் ஏழைகள் விடுதிகளிலும் இறந்து யாரும் கோராத உடல்கள். கறுப்பின மக்கள் அவற்றில் ஏராளம். அடக்கம் செய்யப் பணமில்லாத குடும்பமும் உடலைக் கோரவில்லை என்றே பதிவேட்டில் எழுதப்படும். 1832இல் பிரிட்டன் இயற்றிய உடற்கூறுச் சட்டமும் இதே வழியைத்தான் திறந்தது: ஏழையின் பிணம் மருத்துவக் கல்லூரிக்கு.

நம் நாடும் இதற்கு வெளியே இல்லை. கொல்கத்தாவிலிருந்து எலும்புக்கூடுகள் மேலை நாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு ஏற்றுமதியாயின. 1985இல்தான் இந்திய அரசு தடை விதித்தது. பிணங்களைத் தொட்டுச் சுத்தம் செய்யும் வேலை டோம் சமூகத்தார் போன்றோரின் தலையில் விழுந்தது. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட கைகளே அந்த எலும்புகளைப் பாடப்பொருளாக்கின.

அளவுகோலுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. ஹெர்பர்ட் ரிஸ்லி மூக்கை அளந்து, சாதிப் படிநிலைக்கு இன வேறுபாடே அடிப்படை என்று நிறுவ முயன்றார். 1948இல் வெளியான தீண்டத்தகாதவர் பற்றிய நூலில் அண்ணல் அம்பேத்கர் அதே வகை மூக்களவைப் புள்ளிவிவரங்களை எடுத்து, பிராமணரும் தீண்டத்தகாதவரும் ஒரே இனம் என்று வாதிட்டார். அளவுகளை ஒதுக்கிவிடாமல், அவற்றை வைத்தே ஆதிக்கத்தின் முடிவை உடைத்தார்.

தாடை அளவையிலும் நாம் செய்ய வேண்டியது அதுவே. ஒரு மக்கள்கூட்டத்தில் உருவான சூத்திரம் இன்னொன்றுக்கு அப்படியே பொருந்தாது. சிறிய தாடை கொண்ட ஆணைப் பெண் என்று அது சொல்லிவிடக்கூடும். பல் விழுந்த முதியவரின் தாடை தேய்ந்து வடிவம் மாறும். பருவமடையாத பிள்ளையின் தாடை நம்பகமான விடை தராது.

எரித்து, புதைத்து மறைக்கப்பட்ட ஓர் உடலுக்கு நீதி கேட்டு நிற்கும்போது தடயவியல் அறிக்கை நம் கைக்கு வரும். இந்தச் சூத்திரம் எந்த மக்களிடம் சோதிக்கப்பட்டது, பிழை எவ்வளவு, டிஎன்ஏ சோதனை நடந்ததா என்று கேட்போம். இறந்தவரைத் தவறாக அடையாளம் காட்டும் அறிக்கை வழக்கையே திசைதிருப்பிவிடும்.