எல்லை கடந்த மின்குறிகள்
சர்வதேசத் தொலைத்தொடர்பு நியமங்களின் வரலாறு – ஒரு நோக்கு

மனிதன் தூரத்தை வென்ற வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மோர்ஸ், பெல், மார்க்கோனி ஆகியோரின் பெயர்களை அறியாதார் இலர். ஆயின், கருவியொன்று கண்டுபிடிக்கப்படுவதனால் மட்டும் ஒரு நாட்டின் செய்தி இன்னொரு நாட்டைச் சென்றடைந்துவிடுவதில்லை. இரு முனைகளிலும் ஒரே குறியீடு, ஒத்த கருவி, உடன்பட்ட கட்டணம் ஆகியன இருத்தல் வேண்டும். அனைத்துக்கும் மேலாக, அனுப்பப்படும் செய்தியை ஏற்றுக்கொள்ளும் கடப்பாடு மறுமுனையில் இருத்தல் வேண்டும். இக்கடப்பாடு எவ்வாறு தோன்றியது, அதனை எதிர்த்தோர் யாவர், அதனால் பயன்பெற்றோர் யாவர் என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

எல்லையில் நின்ற தந்தி

1840களில் ஐரோப்பிய நாடுகளுக்குள் தந்திக் கம்பிகள் விரைந்து பரவியபோதும், அவை தேச எல்லைகளில் நின்றுவிட்டன. ஒரு நாட்டிலிருந்து வந்த செய்தி எல்லை நிலையத்தில் தாளில் எழுதப்பட்டு, அயல்நாட்டு ஊழியரிடம் கையளிக்கப்பட்டு, அவரால் மீண்டும் அனுப்பப்பட்டது. ஸ்ராஸ்பேர்க் நகரில் பிரெஞ்சு ஊழியர் ஒருவரும் பாடன் நாட்டு ஊழியர் ஒருவரும் ஒரே நிலையத்திற் பணிபுரிந்தனர். முன்னவர் பெற்ற செய்தியைப் பின்னவர் ஜேர்மன் மொழிக்கு மாற்றி அப்பால் அனுப்பினார். மின்சாரத்தின் வேகம் எழுதுநரின் கைவேகத்துக்குக் குறைந்துவிட்டது.

இந்நிலையை மாற்ற முதலில் அயல்நாடுகள் தமக்குள் உடன்பட்டன. 1849இல் புருசியாவும் ஒஸ்திரியாவும் ஒப்பந்தம் செய்தன. அடுத்த ஆண்டில் பவேரியாவும் சக்சனியும் சேர ஒஸ்திரிய – ஜேர்மன் தந்திச் சங்கம் உருவாயிற்று. 1855இல் பிரான்ஸ், பெல்ஜியம், சுவிற்சர்லாந்து, ஸ்பெயின், சார்டினியா ஆகியன வேறொரு சங்கத்தை அமைத்தன. இவற்றை ஒன்றிணைக்கும் நோக்குடன் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் விடுத்த அழைப்பின் பேரில் பாரிஸ் மாநாடு கூடியது. 1865 மே 17ஆம் திகதி 20 நாடுகள் சர்வதேசத் தந்திச் சமவாயத்தில் கைச்சாத்திட்டன. மோர்ஸ் முறை பொதுமுறையாக ஏற்கப்பட்டது. கட்டணக் கணிப்புக்குப் பிராங்க் அலகாயிற்று. சர்வதேசத் தந்தியைப் பயன்படுத்தும் உரிமை எல்லோருக்கும் உண்டென்பதும், செய்தியின் இரகசியம் பேணப்படல் வேண்டுமென்பதும் அச்சமவாயத்தில் இடம்பெற்றன.

அம்மாநாட்டுக்குப் பிரித்தானியா அழைக்கப்படவில்லை. அங்கு தந்திச் சேவை தனியார் கம்பனிகளின் வசம் இருந்தமையே காரணம். 1870இல் அச்சேவை அரசுடைமையாக்கப்பட்ட பின்னரே, 1871இல் பிரித்தானியா சங்கத்திற் சேர்ந்தது. தனியார் உடைமைக்கும் பொது நியமத்துக்கும் இடையிலான இம்முரண்பாடு, கம்பியில்லாத் தந்தியின் வருகையுடன் கூர்மையடைந்தது.

வான்வெளியில் ஏகபோகம்

மார்க்கோனி கம்பனி தன் கருவிகளைக் கப்பல்களுக்கு விற்கவில்லை. வாடகைக்கு வழங்கி, அவற்றை இயக்குவோரையும் தானே நியமித்தது. அதன் நிலையங்கள், ஆபத்து வேளை தவிர, வேறு முறைக் கருவிகளுடன் தொடர்பு கொள்ளலாகாதென்பது அதன் விதி. பெருமுதலிட்டுத் தான் அமைத்த கரையோர நிலையங்களைப் போட்டியாளர் இலவசமாகப் பயன்படுத்துவது நியாயமன்று என்பது கம்பனியின் வாதம். வணிக நோக்கில் அவ்வாதம் பொருளற்றதெனக் கூறிவிட முடியாது. ஆயின் அதன் விளைவு, கடலிற் செல்வோர் எவருடன் பேசலாம் என்பதை ஒரு கம்பனி தீர்மானிப்பதாக அமைந்தது.

1902இல் புருசிய இளவரசர் ஹைன்றிக் அமெரிக்காவிலிருந்து ஜேர்மன் கப்பலொன்றில் நாடு திரும்புகையில், ஜனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ட்டுக்கு நன்றிச் செய்தி அனுப்ப முயன்றார். கப்பலில் இருந்தது ஜேர்மன் தயாரிப்பான கருவியாதலால் மார்க்கோனி நிலையம் அச்செய்தியை ஏற்கவில்லை. இளவரசருக்கே இந்நிலையாயின் ஏனையோர் நிலை சொல்லவேண்டியதில்லை.

இதன் எதிரொலியாக 1903இல் ஜேர்மனி கூட்டிய பேர்லின் பூர்வாங்க மாநாட்டில் ஒன்பது நாடுகள் கலந்துகொண்டன. மார்க்கோனி கம்பனியுடன் உறவுகொண்டிருந்த பிரித்தானியாவும் இத்தாலியும் முழுமையாக இணங்கவில்லை. 1906இல் மீண்டும் பேர்லினிற் கூடிய மாநாட்டில் 27 நாடுகள் சமவாயமொன்றிற் கைச்சாத்திட்டன. எம்முறைக் கருவியாயினும் கரையோர நிலையங்களும் கப்பல்களும் ஒன்றன் செய்தியை மற்றொன்று ஏற்றல் வேண்டும் என்பது அதன் அடிநாதம். எஸ்.ஓ.எஸ். எனும் ஆபத்துக்குறியும் அப்போதே சர்வதேச நியமமாயிற்று. ஜேர்மனியின் நிலைப்பாடு பொதுநலத்தால் மட்டும் எழுந்ததன்று. தன் நாட்டுக் கைத்தொழிலுக்குச் சந்தை தேடும் நோக்கமும் அதிலிருந்தது. இருப்பினும் போட்டி நலன்களின் மோதலிலிருந்தே பொதுவிதியொன்று பிறந்தமை ஈண்டு கவனிக்கத்தக்கது.

கடல் கற்பித்த பாடம்

விதி எழுதப்பட்டதும் வழக்கம் மாறிவிடுவதில்லை. 1912 ஏப்ரல் 14ஆம் திகதி இரவு பனிப்பாறையில் மோதிய டைட்டானிக், மார்க்கோனி கம்பனி இயக்குநரிடையே வழங்கிய சி.கியூ.டி. எனும் பழைய குறியையே முதலில் அனுப்பியது; எஸ்.ஓ.எஸ். அதன் பின்னரே அனுப்பப்பட்டது. அண்மையில் நின்ற கலிபோர்ணியன் கப்பலின் ஒரேயொரு இயக்குநர், மோதலுக்குச் சற்று முன்னர் கருவியை நிறுத்தி உறங்கச் சென்றிருந்தார். தொலைவிலிருந்த கார்ப்பேத்தியா செய்தியைக் கேட்டு விரைந்து வந்து எழுநூறுக்கு மேற்பட்டோரைக் காப்பாற்றியது. 1,500 பேர்வரை மாண்டனர்.

இம்மூன்று கப்பல்களிலும் மார்க்கோனி கருவிகளே இருந்தமையால், இவ்விபத்தின் இழப்பைக் கம்பனியின் மறுப்பின்மேற் சுமத்துதல் பொருந்தாது. கருவியும் இருந்தது, குறியும் இருந்தது. செவிமடுக்கும் கடமைதான் இருக்கவில்லை. அவ்வாண்டு யூன், யூலை மாதங்களில் நடைபெற்ற இலண்டன் மாநாடு, கப்பல்கள் கருவி வேறுபாடின்றித் தமக்குள் தொடர்பு கொள்வதைக் கட்டாயமாக்கியதுடன், செவிமடுக்கும் நேரங்களையும் விதித்தது. 1914இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புப் பற்றிய சமவாயம் உருவாயிற்று.

ஒன்றிணைந்த சங்கமும் சிறிய நாடுகளும்

1927 வாஷிங்டன் மாநாடு மீடிறன்களைச் சேவைகளுக்கிடையே பங்கிட்டது. 1932 மட்ரிட் மாநாட்டில் தந்தி, வானொலிச் சமவாயங்கள் இணைக்கப்பட்டு, 1934 முதல் சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கம் எனும் பெயர் நடைமுறைக்கு வந்தது. பின்னர் அச்சங்கம் ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்பு நிறுவனமாயிற்று. தொலைபேசி, தந்தி, வானொலி ஆகியவற்றுக்கென 1920களில் அமைக்கப்பட்ட ஆலோசனைக் குழுக்களின் பரிந்துரைகள் சட்டமல்ல; எனினும் அவற்றைப் பின்பற்றாத நாடு தானே தனிமைப்படும். வெளிநாட்டிலிருந்து இலங்கையை அழைப்போர் 94 எனும் இலக்கத்தைப் பயன்படுத்துவது அத்தகைய இணக்கத்தின் பயனாகும்.

எனினும் இணக்க மேசையில் அனைவருக்கும் சமஇடம் இருந்ததெனக் கூறவியலாது. பேரரசுகள் தம் குடியேற்ற நாடுகளின் பேரிலும் வாக்குகளைப் பெற்றன. 1906 சமவாயம் அரசொன்றுக்கு ஆறு வாக்குகளுக்கு மேற்படலாகாதென வரையறுக்க வேண்டியிருந்தது. ஆளப்பட்டோரின் பெயர் பட்டியலில் இருந்தது. குரலோ ஆள்வோருடையதாக இருந்தது.

விடுதலைபெற்ற நாடுகள் தம் வாக்குடன் வந்தபோது புதிய வினாவொன்று எழுந்தது. பின்னாளில் இலங்கையைத் தம் வாழிடமாகக் கொண்ட ஆதர் சி. கிளார்க் 1945இல் விளக்கிய, மத்தியகோட்டுக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்திலுள்ள சுற்றுப்பாதை, செய்மதித் தொடர்புக்கு இன்றியமையாததாயிற்று. அப்பாதையில் இடம் எல்லையற்றதன்று. முதலில் வந்தவருக்கே இடம் எனும் நடைமுறை, செய்மதி ஏவும் வலுவற்ற நாடுகளைப் பின்தள்ளியது. 1976இல் மத்தியகோட்டு நாடுகள் எட்டு, தம் நிலப்பரப்புக்கு மேலுள்ள பாதைப் பகுதிக்குப் பொகோட்டாப் பிரகடனத்தின் மூலம் உரிமைகோரின. அவ்வுரிமை உலகால் ஏற்கப்படவில்லை. ஆயின் 1985, 1988 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்ற மாநாடுகளின் பயனாக, ஒவ்வொரு நாட்டுக்கும் குறைந்தது ஓரிடமேனும் ஒதுக்கும் திட்டம் உருவாயிற்று.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, தொலைத்தொடர்பு நியமங்கள் பொறியியலாளரின் மேசையில் மட்டும் பிறந்தவையல்ல என்பது புலனாகும். ஸ்ராஸ்பேர்க் நிலையத்தில் மொழியும், அத்திலாந்திக் கடலில் கம்பனி விதியும், விண்வெளியில் செல்வ வலுவும் செய்தியை மறித்தன. ஒவ்வொரு முறையும் தடையை நீக்கியது புதிய கருவியன்று. மறுமுனையிலுள்ளோரின் செய்தியைச் செவிமடுக்க இணங்கிய உடன்படிக்கையே. அவ்வுடன்படிக்கையின் வாசகம் யாருடைய கையால் எழுதப்படுகின்றது என்பது, சிறிய நாடுகள் ஒருபோதும் பிறரிடம் விட்டுவிடக்கூடாத வினாவாகும்.