சக்கர நாற்காலியில் இரட்டையர் ஆட்டம்

சரித்திரம் என்றதும் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒரு பந்து, ஒரு மட்டை, இரண்டு சக்கரங்கள் இவற்றுக்கும் சரித்திரம் உண்டு. சர்வதேச அரங்கில் நடைபெறும் சக்கர நாற்காலி டென்னிஸ், அதிலும் குறிப்பாக இருவர் சேர்ந்து ஆடும் இரட்டையர் போட்டி, எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதை இன்று ஆராய்வோம்.

இரண்டாம் உலகப் போருக்கு முன் முதுகுத்தண்டில் அடிபட்டவர் பிழைப்பது அரிது. படுக்கைப்புண்ணும் சிறுநீரக நோயும் அவர்களை விரைவில் மாய்த்தன. ஜெர்மனியில் யூதர்கள் துன்புறுத்தப்பட்ட காலத்தில், 1939-இல் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தார் லுட்விக் குட்மான் என்னும் நரம்பு வைத்திய நிபுணர். அவர் 1944-இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டுப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். நோயாளியைப் படுக்கவைத்துப் பரிதாபப்படுவது வைத்தியமன்று. அவரை உழைக்கவும் விளையாடவும் செய்வதே வைத்தியம் என்பது அவர் கொள்கை. 1948 ஜூலை 29-ஆம் நாள் லண்டன் ஒலிம்பிக் பந்தயம் தொடங்கியது. அதே நாளில் அவர் தம் மருத்துவமனைப் புல்வெளியில் வில்வித்தைப் போட்டி ஒன்றை நடத்தினார். கலந்துகொண்டவர் 16 பேரே. அந்தச் சிறு வித்திலிருந்து கிளைத்த பெருமரமே இன்றைய பாராலிம்பிக் போட்டி.

டென்னிஸ் இம்மரத்தில் பிற்காலத்தில் தோன்றிய கிளை. 1976-இல் அமெரிக்க இளைஞர் பிராட் பார்க்ஸ் பனிச்சறுக்கில் வீழ்ந்து கால்களின் இயக்கத்தை இழந்தார். அப்போது அவருக்கு வயது 18. சிகிச்சைக் காலத்திலேயே அவர் நாற்காலியில் அமர்ந்து மட்டையைப் பிடித்தார். பிறருக்கும் அந்த ஆட்டத்தைக் கற்பித்தார். 1988-இல் சியோல் பாராலிம்பிக்கில் இவ்வாட்டம் காட்சி ஆட்டமாக இடம்பெற்றது. 1992-இல் பார்சிலோனாவில் பதக்கத்துக்குரியதாயிற்று. அங்கே ஆடவர் இரட்டையரில் தங்கம் வென்றவர்கள் யார்? ராண்டி ஸ்னோவும், அதே பிராட் பார்க்ஸுமே! விதைத்தவனே அறுவடையும் செய்யும் பேறு சரித்திரத்தில் பலருக்கு வாய்ப்பதில்லை.

இவ்வாட்டத்துக்கென்று தனி மைதானம் தேவையில்லை. அதே 78 அடி நீளம், அதே வலை, அதே பந்து. முக்கியமான விதிமாற்றம் ஒன்றுதான்: பந்து இரண்டு முறை தரையில் படலாம். முதல் முறை எல்லைக்குள் விழ வேண்டும். இரண்டாம் முறை எல்லைக்கு வெளியே விழுந்தாலும் குற்றமில்லை. நாற்காலி ஆட்டக்காரரின் உடலின் பகுதியாகவே கருதப்படும். ஆட்டத்திலுள்ள பந்து அதன்மேல் பட்டால் புள்ளி போய்விடும். நாற்காலியால் பக்கவாட்டில் அடியெடுத்து வைக்க முடியாது. திரும்பித்தான் செல்ல வேண்டும். மட்டையைப் பிடித்த கையே சக்கரத்தையும் தள்ள வேண்டும். ஆகவே இரட்டையர் ஆட்டத்தில், ஒருவர் திரும்பும் கணத்தில் திறந்துவிடும் இடத்தை மற்றவர் முன்னறிந்து காக்க வேண்டும். தோழனின் குறையைத் தன் பொறுப்பாகக் கொள்வதே இவ்வாட்டத்தின் உயிர்நாடி.

விம்பிள்டன் வரலாறு இதற்குச் சான்று. புல்தரையில் சக்கரம் எளிதில் உருளாது. ஒற்றையர் ஆட்டத்தில் முழு மைதானத்தையும் ஒருவரே காக்க வேண்டும். இரட்டையரிலோ அந்தச் சுமை பகிரப்படுகிறது. அங்கே ஆடவர் இரட்டையர் பட்டம் 2005-இலேயே வழங்கப்பட்டது. ஒற்றையர் பட்டம் 2016 வரை காத்திருந்தது. தனியொருவருக்கு அரிதெனக் கருதப்பட்ட தரையில் முதலில் தடம் பதித்தவர்கள் இணைந்து ஆடியவர்களே. 2005-இல் பட்டம் வென்ற இணையில் ஒருவர் பிரான்ஸ் நாட்டு மைக்கேல் ஜெரமியாஸ். மற்றவர் பிரிட்டனின் ஜெயந்த் மிஸ்திரி. அப்பெயர் நம் செவிக்கு அந்நியமன்று.

பிரிட்டனின் ஆல்ஃபி ஹியூவெட், கார்டன் ரீட் ஆகிய இருவரின் கதையும் அறியத்தக்கது. 2016-இல் ரியோ இறுதிப்போட்டியில் பிரெஞ்சு இணையான ஊடே, பைஃபர் ஆகியோரிடம் அவர்கள் தோற்றனர். 2021-இல் டோக்கியோவிலும் அதே இணையிடம் இறுதிப்போட்டியில் தோற்றனர். எனினும் அவர்கள் பிரியவில்லை. 2024-இல் பாரிஸில் ஜப்பானிய இணையை வென்று தங்கம் பெற்றனர். எட்டு ஆண்டுகள் ஒருவரையொருவர் குறைகூறாமல் இருப்பதே ஒரு பெருஞ்சாதனையன்றோ?

நம் நாட்டின் பங்கு என்ன? 1965 போரில் குண்டடிபட்டு முதுகுத்தண்டு சிதைந்த போர்வீரர் முரளிகாந்த் பேட்கர், 1972-இல் ஹைடல்பர்க் நகரில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அதுவே. நம் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 2016-இல் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் சக்கர நாற்காலி டென்னிஸில் பாராலிம்பிக் பதக்கம் இந்தியாவுக்கு இதுவரை கிட்டவில்லை.

காரணம் திறமைக் குறைவன்று. இவ்வாட்டத்துக்குச் சக்கரங்கள் சாய்ந்த தனிவகை நாற்காலி வேண்டும். அதன் விலை ஏழைக்கு எட்டாதது. அதனினும் பெரிய தடை நம் படிக்கட்டுகள். விளையாட்டு நேரத்தில் கால் வழங்காத பிள்ளையை மரத்தடியில் அமர்த்தி, மற்றவர்களின் புத்தகப் பைகளைக் காவல் காக்கச் சொல்வது நம் பள்ளிகளில் நெடுநாள் வழக்கம். இரக்கம்போல் தோன்றும் இது உண்மையில் விலக்கிவைத்தலே. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளை வகுத்த 2016-ஆம் ஆண்டுச் சட்டம், விளையாட்டையும் அவர்களுக்குரிய உரிமையாகவே கூறுகிறது.

வெள்ளாற்றங்கரையில் உள்ள எங்கள் சேத்தியாத்தோப்பிலும் சரி, பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற அண்டை நகர் விருத்தாசலத்திலும் சரி, சமதளமான மைதானத்துக்குப் பஞ்சமில்லை. சக்கரம் ஏறிச்செல்லச் சாய்தளம் ஒன்று வேண்டும். உடன் ஆட ஒரு தோழன் வேண்டும். அத்தோழனுக்கு ஊனம் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. நிற்பவரும் அமர்ந்திருப்பவரும் ஓரணியில் ஆட விதி இடம் தருகிறது: அமர்ந்திருப்பவருக்குப் பந்து இருமுறை படலாம், நிற்பவருக்கு ஒருமுறை. மாணவர்களே, உங்கள் வகுப்பில் மரத்தடியில் அமர்ந்திருக்கும் நண்பன் யாரெனப் பாருங்கள். நாளை அவனை ஆட்டத்துக்கு அழையுங்கள்.