அரங்கேறிய பலம்: பலவான் காட்சிகளின் சமூக அடிப்படை பற்றிய ஒரு நோக்கு

1

கேளிக்கை அரங்குகளிலே சங்கிலி அறுத்தும், மார்பின்மீது கல்லுடைப்பித்தும், குதிரைகளை இழுத்து நிறுத்தியும் பிழைத்த பலவான்களைப் பற்றி ஆராய்வது பயனுடைய முயற்சியாகுமா என்னும் வினா எழக்கூடும். இவர்களைப் பற்றி எழுதியோரைப் பெரும்பாலும் இருசாராராக வகுக்கலாம். ஒரு சாரார் இவர்களை வீரபுருஷராகப் போற்றி, தூக்கிய பாரங்களின் பட்டியலைத் தருவர். மறு சாரார் இச்சாகசங்களில் மறைந்திருந்த தந்திரங்களை வெளிப்படுத்தி, அத்துடன் தம் பணி முடிந்ததெனக் கருதுவர். ஒன்று வியப்பு, மற்றது ஏளனம். ஆயின் இரு சாராருமே பலத்தைத் தனிமனிதனின் உடைமையாகவே கொள்கின்றனர். அது அவனிடம் மெய்யாகவே உண்டா, இல்லையா என்பதே அவர்களிடையே உள்ள வழக்கு. எத்தகைய சமூக உறவுகளிடையே பலம் காட்சிப்பொருளாயிற்று, அக்காட்சியில் எது காட்டப்பட்டது, எது மறைக்கப்பட்டது ஆகிய வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. அவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

இவ்வாய்வுக்குப் பொருத்தமான தொடக்கமாக அமைவது 1889ஆம் ஆண்டின் இலண்டன் மாநகரம். அவ்வாண்டின் பிற்பகுதியில், சில வார இடைவெளியில், பலத்தின் இருவேறு வெளிப்பாடுகளை அந்நகரம் கண்டது.

முதலாவது துறைமுகத்தில் நிகழ்ந்தது. கப்பல்களில் மூட்டையும் பெட்டியும் ஏற்றி இறக்கிய தொழிலாளர் நாட்கூலிக்காரராயுமிலர், மணிக்கூலிக்காரராகவே இருந்தனர். காலையில் துறைமுக வாயிலில் திரண்டு நிற்போரிலிருந்து தனக்கு வேண்டியோரை மேற்பார்வையாளன் பொறுக்கியெடுப்பான்; ஏனையோர் வெறுங்கையுடன் திரும்புவர். தெரிவு செய்யப்படுவதற்காக ஒருவரையொருவர் இடித்து முன்னேறுவதிலேயே அவர்களது உடல்வலு முதலிற் செலவாயிற்று. 1889 ஓகஸ்ட் 14இல் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஓர் இலட்சம் வரையிலான தொழிலாளர் பங்குபற்றினர். பென் டில்லற், டொம் மான், ஜோன் பேர்ன்ஸ் ஆகியோர் தலைமை தாங்கினர். எலினோர் மார்க்ஸ் வேலைநிறுத்தக் குழுவின் அலுவலகப் பணிகளிற் பங்குகொண்டார். மணிக்கு ஐந்து பென்ஸாக இருந்த கூலியை ஆறு பென்ஸாக்குக என்பது தலையாய கோரிக்கை. அவுஸ்திரேலியத் தொழிலாளரும் பிறரும் 30,000 பவுணுக்கு மேல் திரட்டி அனுப்பினர். செப்டெம்பர் 16இல் தொழிலாளர் வெற்றியுடன் வேலைக்குத் திரும்பினர். ஆறு பென்ஸ் கூலி நவம்பர் 4 முதல் நடைமுறைக்கு வருமென உடன்பாடாயிற்று.

இரண்டாவது வெளிப்பாடு வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்த றோயல் அக்குவேரியம் என்னும் கேளிக்கைக் கூடத்தில் நிகழ்ந்தது. சாம்சன் என்ற பெயருடன் அங்கு காட்சி நடத்திய பலவான், தன்னை வெல்வோருக்கு 500 பவுண் தருவதாக அறைகூவல் விடுத்திருந்தான். புயத்தசையை விரித்தும் மார்பை விம்மச் செய்தும் சங்கிலி அறுப்பது அவனது சிறப்புச் சாகசம். கோனிக்ஸ்பேர்க்கில் 1867இற் பிறந்த பிரீட்றிக் மியுல்லர், ‘யூஜின் சாண்டோ’ என்னும் அரங்கப் பெயரைப் பூண்ட இளைஞன், நவம்பர் 2ஆந் திகதி அச்சாகசங்களை அவ்வாறே செய்துகாட்டி சாம்சனைத் தோற்கடித்தான். குயின்ஸ்பெரி மார்க்குவிஸ் உள்ளிட்ட பிரபுக்கள் நடுவராயிருந்தனர். ‘பேராசிரியர் அட்டிலா’ எனப்பட்ட லூயி டூர்லாக்கர் இப்போட்டிக்காகவே சாண்டோவைப் பயிற்றியிருந்தார்.

இரு நாள்கள் கழித்துத் துறைமுகத்தில் புதிய கூலி நடைமுறைக்கு வந்தது. பரிசாக அறிவிக்கப்பட்ட 500 பவுணை அக்கூலியின் அளவுகோலால் அளந்து பார்ப்போம். அது ஆறு பென்ஸ் வீதம் 20,000 மணிநேர உழைப்பின் கூலியாகும். நாளொன்றுக்குப் பத்து மணிநேரமாக 2,000 நாள்கள். ஞாயிறு தவிர்ந்த எல்லா நாள்களிலும் வேலை கிடைப்பினும் ஆறு ஆண்டுகளுக்கு மேலாகும். தினமும் பாரம் தூக்கியவனின் பலத்துக்கும், ஓரிரவு பாரம் தூக்கிக் காட்டியவனின் பலத்துக்கும் சந்தை இட்ட விலைகளிடையே இருந்த வேறுபாடு இது. இவ்வேறுபாட்டைத் தசைகளின் பருமனால் விளக்க இயலாது என்பது வெளிப்படை.

3

இனிச் சாகசங்களின் உள்ளியல்பை நோக்குவோம். இவற்றின் இரகசியம் 1889இற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே அச்சேறிவிட்டது. நியூற்றனின் பரிசோதனை உதவியாளராயிருந்த ஜோன் தியோபிலஸ் டெசாகுலியே, பரிசோதனைத் தத்துவம் பற்றிய தமது நூலின் முதற்பாகத்தை 1734இல் வெளியிட்டார். எக்கன்பேர்க் என்னும் ஜேர்மனியப் பலவானின் சாகசங்களை அவர் அதில் இயந்திரவியல் நோக்கில் ஆராய்ந்தார். அப்பலவான் சாய்ந்த பலகையில் அமர்ந்து, கால்களை நீட்டி அசையாத முட்டொன்றில் ஊன்றி, இடுப்பின் கீழ்ப்பகுதியிற் கச்சை பூண்டு, குதிரைகள் இழுத்தும் அசையாதிருப்பான். அங்கே பாரத்தைத் தாங்கியது தசையன்று. வளைவுக் கட்டடம்போல அமைந்த இடுப்பெலும்பும் நேராக நீண்ட காலெலும்புகளுமே. உரிய நிலையில் அமர்ந்தால் சராசரி மனிதரும் இதனைச் செய்யலாமென டெசாகுலியே தாமும் பிறரும் செய்து காட்டினார்.

ஏனைய சாகசங்களும் இத்தகையனவே. மார்பின்மீது பட்டடையோ கருங்கல்லோ வைத்துச் சம்மட்டியால் அடிக்கும்போது, கல்லின் திணிவு கூடுந்தோறும் அது பெறும் வேகம் குறைகிறது. பார்ப்போருக்கு ஆபத்தாகத் தோன்றும் பெருங்கல்லே கிடப்பவனுக்குக் கேடயமாகிறது. இருபுறமும் குதிரைகளைப் பூட்டி நடுவில் நின்று தடுப்பவனுக்கு, ஒருபுறக் குதிரைகள் மறுபுறக் குதிரைகளுக்குக் கம்பமாகப் பயன்படுகின்றன. அவன் தாங்குவது ஒருபுறத்து இழுவையை மட்டுமே. தொமஸ் இஞ்ச் என்னும் ஆங்கிலேயரின் ‘தூக்க முடியாத’ டம்பெல் 172 இறாத்தலே நிறையுடையது, ஏறத்தாழ 2.4 அங்குல விட்டமுள்ள அதன் கைபிடியே விரல்களை ஏமாற்றியது. சங்கிலி அறுத்தலில் கண்ணியொன்றை முன்கூட்டியே அராவி மெலிவித்தல் பலரும் கையாண்ட உபாயம். நேர்மையான சங்கிலியாயினும், அறுவதற்கு ஒரு கண்ணி போதும்.

இவற்றைக் கொண்டு பலவான்கள் அனைவரும் ஏமாற்றுக்காரர் என முடிவுகட்டுதல் தவறாகும். கால் ஊன்றிய முட்டு, எலும்பின் நிலை, எதிர்ப்புறக் குதிரைகள், சங்கிலி செய்த கொல்லன், மேடையைச் சமைத்த தச்சன் ஆகிய துணைகள் அனைத்தும் பார்வைக்கு அப்பால் வைக்கப்பட்டன. எஞ்சியது தனியொருவனின் உடல். தந்திரத்தின் சாரம் பொய்ச் சங்கிலியில் இல்லை. துணைகளை மறைத்தலிலேயே உள்ளது. பண்டமானது தன்னை ஆக்கிய உழைப்பை மறைத்துத் தானே பெறுமதியுடையதாகத் தோன்றுவதை மார்க்ஸ் விளக்கினார். அரங்கேறிய பலமும் அத்தகைய தோற்றமே.

4

அரங்கேறியோரிற் பலர் உழைக்கும் மக்களிடையே தோன்றியோர் என்பது மனங்கொள்ளத்தக்கது. தொமஸ் டொப்பம் இலண்டன் தச்சர் ஒருவரின் மகன். 1741இல் மூன்று நீர்ப்பீப்பாக்களை, 1,836 இறாத்தலை, தோள்வார் கொண்டு மேடைமீது நின்று தூக்கினார். தமது மெய்வலுவை மிகைப்படுத்திக் காட்டும் வித்தையை அவர் அறிந்திருக்கவில்லை. உரிய முறையில் அமராது இரு குதிரைகளுக்கெதிராக இழுத்தபோது முழங்காலில் ஊறுபட்டார். பலமின்றித் தந்திரம் தெரிந்தவன் தப்பினான். பலமிருந்தும் தந்திரம் தெரியாதவன் அடிபட்டான் என டெசாகுலியேயின் குறிப்புகளிலிருந்து நாம் உய்த்துணரலாம்.

கியூபெக் கிராமமொன்றிற் பிறந்த லூயி சிர், பஞ்சாலைகளை நாடிப் புலம்பெயர்ந்த பிரெஞ்சுக் கனடியக் குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்தவர். 1895இல் பொஸ்டனில், பதினெட்டுப் பேர் நின்ற மேடையை முதுகினால் உயர்த்தினார். மொத்தம் 4,337 இறாத்தல். 1912இல், ஐம்பது வயதை எட்டுமுன்னரே, நோயுற்று இறந்தார். லோட்ஸ் நகரத்து யூதக் கொல்லர் குடும்பத்தில் வந்த சிக்மண்ட் பிறைற்பார்ட், பட்டறையிற் கற்ற இரும்பு வேலையையே மேடையில் வெறுங்கையாற் செய்தார். யூத வெறுப்பு மேலோங்கியிருந்த காலத்தில் போலந்து யூதர் அவரிடம் தம் தன்மானத்தைக் கண்டனர். கையாற் பலகையில் ஆணியேற்றும் காட்சியில் துருவேறிய ஆணி முழங்காலிற் பாய்ந்து, இரத்தம் நஞ்சாகி, 1925இல் இறந்தார். கணவரை ஒருகையால் தலைக்குமேல் தூக்கிய கேற்றி சாண்ட்வீனா, 1912இல் தமது சர்க்கஸ் குழுவின் பெண் வாக்குரிமைச் சங்கத்தில் துணைத்தலைவியாயிருந்தார்.

ஒடுக்கப்பட்டோர் இம்மேடையைத் தம் குரலாக்க முயன்றனர் என்பதற்கு இவை சான்று. ஆயினும் மேடையின் உடைமையாளர் அவர்களல்லர். காட்சி முடிந்தபின் எஞ்சிய தேய்வு மட்டும் அவர்களுடையதாயிற்று.

5

சாண்டோவின் வரலாறு வேறொரு வளர்ச்சியைக் காட்டுகின்றது. பலத்தைக் காட்டிப் பணம் பெறுதல் என்ற கட்டத்திலிருந்து, பலமாகும் வழியை விற்றல் என்ற கட்டத்துக்கு அவர் சென்றார். 1897இல் இலண்டனில் பயிற்சி நிலையம் திறந்தார். அடுத்த ஆண்டு சஞ்சிகை தொடங்கினார். அஞ்சல்வழிப் பாடங்கள், வில் பொருத்திய டம்பெல்கள், இரப்பர் இழுவைச் சாதனங்கள், கொக்கோ என விற்பனை விரிந்தது. பெரும்பாரம் தூக்கி அரங்கிற் புகழீட்டியவர், சில இறாத்தல் நிறையுள்ள டம்பெல்களை மாணவருக்கு விதித்தார். மேடைத் தந்திரத்தினும் பெரிய தந்திரம் இதுவே.

இவற்றை வாங்கியோருள் எழுதுவினைஞரும் கடைச் சிப்பந்திகளும் கணிசமானோர். மேசைமுன் வளைந்திருந்து உழைப்பை விற்ற இவ்வகுப்பினர், மாலையில் தம் உடலை மீட்க மீண்டும் சந்தைக்கே சென்றனர். ஜேம்ஸ் ஜோய்ஸின் ‘யுலிசிஸ்’ (1922) நாவலின் நாயகன் புளூம் இங்கு நினைவுகூரத்தக்கவன். அவனது புத்தகத் தட்டில் சாண்டோவின் நூல் உண்டு. பயிற்சிக்கு முன்னும் பின்னும் அவனது உடலளவுகள் அட்டவணையாகத் தரப்படுகின்றன. பயிற்சியோ இடையிற் கைவிடப்பட்டது. அவன் பத்திரிகை விளம்பரம் சேகரிப்பவன். விளம்பரத்தால் வாழ்பவனையே விளம்பரம் வசப்படுத்தியதை ஜோய்ஸ் கண்டுணர்ந்தமை, யதார்த்த நோக்கின் வெற்றி எனலாம்.

இச்சந்தைக்கு ஏகாதிபத்தியம் புதிய தேவையொன்றை வழங்கிற்று. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் யுத்தத்தில் படைக்குச் சேரவந்த ஏழைகளுட் பலர் உடற்தகுதியற்றோரென விலக்கப்பட்டனர். 1904இல் உடல்நலிவு பற்றிய அரசாங்கக் குழுவொன்று அறிக்கை வெளியிட்டது. இடைப்பட்ட 1901 செப்டெம்பரில், றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் சாண்டோ உடலழகுப் போட்டி நடத்தினார். ஆர்தர் கொனன் டொயில் நடுவருள் ஒருவர். வருமானம் யுத்த நிவாரணத்துக்குச் சென்றது. பசியால் நலிந்த வர்க்கத்துக்குப் பயிற்சியே மருந்தென்ற கருத்துநிலை, கூலியையும் குடியிருப்பையும் பற்றிய வினாவைப் பின்தள்ள உதவிற்று.

6

காலனித்துவ நாடுகளில் இதன் எதிரொலியையும் சுருக்கமாகக் குறிப்பிடல் வேண்டும். கர்லாக்கட்டைப் பயிற்சியை இந்தியாவிற் கண்ட ஆங்கிலப் படையினர் அதனைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது அங்கு விற்பனைப் பண்டமாயிற்று. 1904-1905இல் சாண்டோ இந்தியாவிற் பயணக் காட்சி நடத்தினார். ஆந்திரத்துக் கோடி ராமமூர்த்தி நாயுடு சங்கிலி அறுத்தும், மார்பில் யானையேற்றியும், மோட்டார் வண்டியை நிறுத்தியும் புகழ்பெற்றார். மார்பின்மீது ஏறிய யானையின் பாரம் பலகையாற் பரவலாக்கப்படுவது அறிந்த உபாயமேயாயினும், அடிமைப்பட்ட மக்கள் கண்டது உபாயத்தையன்று, நிமிரக்கூடிய உடலொன்றையே. அவ்வுணர்வு முற்போக்கானது. ஆயின் தேசத்தின் பலத்தை ஒருவன் மார்பிற் காண்பது, அத்தேசத்தின் வயலிலும் ஆலையிலும் இருந்த பலத்தைக் காணாதிருக்கவும் வழிசெய்தது.

‘சாண்டோ’ என்ற சொல் தமிழிலும் வழங்கிற்று. இளமையில் கோயம்புத்தூரில் ஆலைத் தொழிலாளியாயிருந்து, பின்னர் திரைப்படத் தயாரிப்பாளராகிய சின்னப்பா தேவர் அதனைப் பெயருக்கு முன் அடையாகக் கொண்டார். ஆலையில் உழைத்த உடல், பலமுடையதெனப் பெயர்பெற ஜேர்மனியக் காட்சிக்காரன் ஒருவனின் புனைபெயரை இரவல் வாங்க நேர்ந்தமை சிந்தனைக்குரியது.

7

இதுகாறும் கூறியவற்றால், பலவான் காட்சி வெறும் வீரமுமன்று, வெறும் ஏமாற்றுமன்று என்பது தெளிவாகும். தொழிலிலிருந்து பலத்தைப் பிரித்து, அதன் துணைகளை மறைத்து, தனியொருவனின் உடைமையாக்கி விற்றமையே அதன் வரலாற்றுப் பண்பு. பலர் கூடி உழைக்குமிடத்து ஒவ்வொருவரின் ஆற்றலின் கூட்டுத்தொகைக்கு மேலான புதிய ஆற்றலொன்று பிறக்கின்றது என்பதை மார்க்ஸ் ‘மூலதன’த்தின் முதற்பாகத்திலே (1867) நிறுவினார். முதலாளி அதனைத் தன் ஆற்றலாகக் காட்டுகிறான்; பலவான் தன் தசையாகக் காட்டினான்.

துறைமுகத் தொழிலாளர் செய்தது இதற்கு நேர்மாறானது. அவர்கள் தம் துணைகளை மறைக்கவில்லை. நகர வீதிகளில் அணிவகுத்துக் காட்டினர். தேர்ச்சியற்ற மணிக்கூலிக்காரரே தொழிலாளர் இயக்கத்தின் நலிந்த கண்ணியென அக்காலத்திற் கருதப்பட்டனர். வாயிலில் ஒருவரையொருவர் இடித்து முந்தியவரை அந்நிலையில் வைத்திருந்தது பசி. ஐந்து வாரப் பசியின்போது அக்கண்ணி அறவில்லை. அதே ஆண்டில் அக்குவேரியத்தில் அறுந்த சங்கிலிகளைப் பற்றிச் சாகச நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. அறாத சங்கிலியின் வரலாற்றையும் அதனோடு சேர்த்து எழுதுவதே ஆய்வாளர் கடன்.