பொதி நிறுவலில் சேவை தொடங்காப் பிழை

பொதி நிறுவலில் சேவை தொடங்காப் பிழை என்பது, லினக்ஸ் கணினியில் ஒரு மென்பொருள் பொதியை நிறுவும்போது அதன் பின்னணிச் சேவை இயங்கத் தவறி, நிறுவலும் முடிவடையாமல் நிற்கும் நிலை. டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டு முதலிய வழங்கல்களிலும் இது அடிக்கடி காணப்படும். பிழையை அறிவிப்பது டிபிகேஜி என்னும் பொதி மேலாளர்; கோளாறு இருப்பதோ பெரும்பாலும் சேவையில்.

தோன்றும் விதம்

டிபிகேஜி முதலில் பொதியின் கோப்புகளை விரித்து உரிய இடங்களில் வைக்கிறது. அடுத்து, பொதியோடு வரும் ‘போஸ்ட்இன்ஸ்ட்’ ஸ்கிரிப்டை ஓட்டுகிறது. பயனர் கணக்கை உருவாக்குவது, சேவையைத் தொடங்கச் சொல்வது போன்றவை இதன் வேலைகள். டெபியனில் 8ஆம் பதிப்பு (2015) முதல் சேவைகளை இயக்குவது சிஸ்டம்டி. அதனால் சேவையைத் தொடங்க முடியாதபோது ஸ்கிரிப்ட் பிழை எண்ணுடன் முடிந்தால், டிபிகேஜி அந்தப் பொதியை அரைகுறையாக அமைக்கப்பட்டது என்று குறித்துவைக்கும். அதைச் சார்ந்த பொதிகளும் அமைவு பெறாமல் காத்திருக்கும். அதன்பின் தொடர்பில்லாத வேறொரு பொதியை நிறுவினாலும் பழைய பிழையே திரும்ப வரும். கோப்புகள் ஏற்கெனவே வட்டில் இருப்பதால், மீண்டும் பதிவிறக்குவதால் பயனில்லை.

காரணங்கள்

சேவைக்கு வேண்டிய போர்ட்டை வேறொரு நிரல் பிடித்திருத்தல், பழைய பதிப்பு விட்டுச்சென்ற அமைவுக் கோப்பில் பிழை, வட்டில் இடமின்மை, தரவுக் கோப்புறையின் உரிமை மாறியிருத்தல், ஆப்ஆர்மர் போன்ற பாதுகாப்பு அடுக்கின் தடை ஆகியவை பொதுவான காரணங்கள்.

இஞ்சின்எக்ஸ் வலை வழங்கி நல்ல எடுத்துக்காட்டு. டெபியன், உபுண்டு பொதிகளில் அதன் இயல்பு அமைவு, ஐபிவி4, ஐபிவி6 இரண்டிலும் 80ஆம் போர்ட்டைக் கேட்கும். கெர்னலில் ஐபிவி6 முற்றிலும் முடக்கப்பட்டிருந்தால் சேவை 97ஆம் பிழையுடன் நின்றுவிடும். அப்பாச்சி அந்தப் போர்ட்டை முன்பே பிடித்திருந்தால் வருவது 98. முன்னதற்கு ஐபிவி6 வரியை நீக்க வேண்டும். பின்னதற்கு ஒன்றை நிறுத்தவோ வேறு போர்ட்டுக்கு மாற்றவோ வேண்டும்.

தீர்வு

சிஸ்டம்சிடிஎல் கட்டளை சேவையின் நிலையையும், ஜர்னல்சிடிஎல் அதன் பதிவுகளையும் காட்டும். மூல காரணம் அங்கே, பதிவின் கடைசிச் சில வரிகளில், பெரும்பாலும் கிடைத்துவிடும். அதைச் சரிசெய்தபின் டிபிகேஜியின் ‘கான்ஃபிகர்’ விருப்பத்தை எல்லாப் பொதிகளுக்குமாக இயக்கினால், நின்றுபோன அமைவு விட்ட இடத்திலிருந்து தொடரும். பொதியை அமைவுக் கோப்புகளோடு அடியோடு நீக்குவது கடைசி வழி. தரவுத்தளச் சேவையானால் அதனுடன் தரவும் அழியக்கூடும்.

பிற சூழல்கள்

ஃபெடோராவில் பெரும்பாலான சேவைகள் நிறுவும்போதே தொடங்கப்படுவதில்லை. ஆகவே இதே கோளாறு, நிர்வாகி சேவையை முதன்முறை இயக்கும்போதே தெரியவரும். டெபியன், உபுண்டு டாக்கர் படிமங்களில் ‘பாலிசி-ஆர்சி.டி’ என்னும் ஸ்கிரிப்ட் 101 என்ற எண்ணைத் திருப்பித் தந்து, சேவை தொடங்குவதையே தடுத்துவிடுகிறது. நிறுவல் தடையின்றி முடிகிறது.