தண்டநாயகமும் ஜெனரலும்

சென்னையின் தென்பால் குரோம்பேட்டையை அடுத்துள்ள அஸ்தினாபுரம், குருகுலத்தார் தலைநகரின் பெயரைத் தாங்கி நிற்பது. அப்பெயரைக் கேட்குந்தோறும் பாரதப்போர்ச் செய்தி ஒன்று நினைவிற்கு வருகின்றது. கௌரவர் படைக்கு வீடுமன் பத்து நாளும், துரோணன் ஐந்து நாளும், கன்னன் இரண்டு நாளும், சல்லியன் இறுதி நாளும் தலைமை பூண்டனர். ஒருவன் வீழ்ந்த பின்னரே அடுத்தவன் நீராட்டப்பெற்றுச் சேனாபதி ஆயினான். வீடுமன் தலைமையிற் பொரேன் என விலகி நின்ற கன்னன், பின்னர் அத்தலைமையைத் தானே ஏற்றான். எனவே, சேனாபதி என்பது ஒரு போரின்பொருட்டு அளிக்கப்பெற்ற பொறுப்பேயன்றிப் படிப்படியாக ஏறியடையும் நிலையன்று.

சோழர் கல்வெட்டுக்களிற் பயிலும் சேனாபதி, தண்டநாயகம் என்னும் சொற்களை 'ஜெனரல்' என மொழிபெயர்த்துச் செல்லுதல் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம், சோழர் படையிலும் இக்காலத்தார் படையிற் போன்று ஏணிப்படி நிலைகள் இருந்தன என்னும் மயக்கத்தைத் தருகின்றது. முதல் இராசராசனின் சேனாபதியான கிருஷ்ணன் இராமன் என்னும் மும்முடிச்சோழப் பிரமராயன் வெண்ணாட்டு அமண்குடியைச் சார்ந்தவன். தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையை அரசன் ஆணைப்படி எடுப்பித்தவன் அவனே. முதற் குலோத்துங்கன், விக்கிரமன் ஆகியோர் காலத்து நரலோகவீரனும் போர்க்களத்தால் மட்டுமன்றித் தில்லைத் திருப்பணிகளாலும் அறியப்பெறுகின்றான். இவர்தம் பெருமை அரசனின் அணுக்கத்தைச் சார்ந்ததாகும்.

சங்ககாலத்து ஏனாதியும் அத்தகையதே. சோழிய ஏனாதி திருக்கிள்ளி போன்றோர் பெயரோடு ஒட்டி வரும் அது, எட்டி, காவிதி என்பன போல அரசன் வழங்கிய பட்டம். மோதிரத்தோடு அளிக்கப்பெற்றது என்பர் உரையாசிரியர். நாயக்கர் காலத்துத் தளவாயோ படையையும் கடந்து சென்றது. மதுரையில் அரியநாத முதலியார் தளவாயும் பிரதானியுமாக விளங்கினார். திருவிதாங்கூரில் அச்சொல் முதலமைச்சனையே குறித்தது; 1809-இல் உயிர்துறந்த வேலுத்தம்பியைத் தளவாய் என்றே வரலாறு வழங்கும்.

இனி ஜெனரலைக் காண்போம். 'பொது' என்னும் பொருளுடைய அடைமொழியே பின்னர்ப் பெயராயிற்று. 1645-இல் இங்கிலாந்தில் அமைந்த புதுப்படையில் பேர்பாக்ஸ் கேப்டன் ஜெனரல். குதிரைப்படைக்குரிய குரோம்வெல் லெப்டினன்ட் ஜெனரல். காலாட்படைக்குரிய ஸ்கிப்பன் சார்ஜண்ட் மேஜர் ஜெனரல். நாளடைவில் முன்னதிற் கேப்டனும் பின்னதிற் சார்ஜண்டும் உதிர்ந்தன. மேஜருக்குக் கீழ்ப்பட்டவன் லெப்டினன்ட் ஆயினும், மேஜர் ஜெனரலினும் லெப்டினன்ட் ஜெனரல் உயர்ந்தது இதனாலேயாம். மாணாக்கர் பலரை மருளச்செய்யும் இம்முரண், உதிர்ந்த ஒரு சொல்லின் சுவடே.

அஸ்தினாபுரத்திற்கு அண்மையிலுள்ள பரங்கிமலையில் 1963 முதல் படை அலுவலர் பயிற்சி நிகழ்கின்றது. அங்குப் பயின்று வெளிவருவோர் லெப்டினன்ட்டாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறுதல் வேண்டும். தமிழருள் 1966 முதல் 1969 வரை குமாரமங்கலமும், 1986 முதல் 1988 வரை சுந்தர்ஜியும் அவ்வேணியின் உச்சியான தரைப்படைத் தலைமையில் இருந்தனர். ஏணிக்கு அப்பாற்பட்டது ஒன்று உண்டு. அது பீல்டு மார்ஷல். மானெக்சா 1973-இல் அதனைப் பெற்றார். கரியப்பாவோ 1953-இல் ஓய்வு பெற்று, 33 ஆண்டுகள் கழித்து, 1986-இல் பெற்றார். ஆளுதற்குப் படையின்றி, வாழ்நாள் முழுதும் பெயரோடு நிற்பது அது. ஏனாதிக்கு நிகர் தேடுவார் ஜெனரலை விடுத்து இதனை நோக்குதல் தகும்.